வெந்நீரும் பத்தியமும்: கார்லோவி வாரி ஊற்றுகள்

செக் குடியரசின் மேற்குப் பகுதியில், தலைநகர் பிராக்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கார்லோவி வாரி. ஐரோப்பிய வரலாற்று நூல்களில் கார்ல்ஸ்பாட் என்ற ஜெர்மன் பெயரால் அதிகம் குறிப்பிடப்படும் ஊர் இதுதான். தெப்லா என்ற சிற்றாறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில், ஆற்றின் இரு கரைகளிலும் நெருக்கியடித்துக் கட்டப்பட்ட ஊர். அதன் நடுவே விரிட்லோ என்ற வெந்நீர் ஊற்று ஏறத்தாழ 73 டிகிரி வெப்பத்தில், 12 மீட்டர் உயரம் வரை பீறிட்டு அடிக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர் நீர் வெளிவருகிறது. இதைத் தவிரச் சிறிதும் பெரிதுமாக எண்பதுக்குக் குறையாத ஊற்றுகள் அந்தப் பள்ளத்தாக்கில் உள்ளன. அவற்றில் பன்னிரண்டு, பதினைந்து மட்டுமே மருத்துவர் சொல்படி குடிப்பதற்கென்று குழாய் வைத்துப் பராமரிக்கப்படுகின்றன.

சுற்றியுள்ள மலைகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும்தான் இந்த நீருக்கு மூலம். அது கருங்கல் பாறைகளின் வெடிப்புகள் வழியாக மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் சூட்டில் கொதிநிலையை நெருங்குகிறது. வழியில் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. அதைவிட ஆழத்திலிருந்து கசிந்து வரும் கரியமில வாயுவும் அதில் கலக்கிறது. ஊரின் அடியில் நிலப்பிளவுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், அந்த வாயுதான் நீரை மேலே தள்ளுகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, வாயு விடுபட்டுப் பொங்குகிறது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தால் நடப்பது எதுவோ அதுவே இங்கே இரவு பகலாக நடக்கிறது. எரிமலைக் குழம்புக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை.

எல்லா ஊற்றுகளுக்கும் மூலநீர் ஒன்றே. லிட்டருக்கு ஏறத்தாழ 6.4 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சோடியம் பைகார்பனேட், சோடியம் சல்ஃபேட், சோடியம் குளோரைடு ஆகிய மூன்றும்தான் அதில் பெரும்பங்கு. வீட்டுமொழியில் சொன்னால் முதலாவது ஆப்பச் சோடா, இரண்டாவது பேதி உப்பு, மூன்றாவது சாப்பாட்டு உப்பு. இவற்றுடன் கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் கொஞ்சம். இரும்பும் லித்தியமும் துளியளவு. ஊற்றுக்கு ஊற்று மாறுவது வெப்பமும் வாயுவின் அளவும்தான். சில ஊற்றுகளில் நீர் 60 டிகிரிக்கு மேல் சுடும், சிலவற்றில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆறிய நீரில் வாயு அதிகம் தங்கும். சுவையைப் பற்றி யாரும் புகழ்ந்து பேசியதில்லை. உப்புக் கரிப்பும் லேசான இரும்பு வாடையும் கலந்த வெந்நீர் அது. முதல் மிடறில் முகம் சுளிக்காதவர் குறைவு.

மேலே வந்து வாயுவை இழந்ததும் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து கல்லாகப் படியத் தொடங்குகிறது. அரகோனைட் என்ற இந்தப் படிவம் இரும்பின் துருவால் செம்பழுப்பு நிறம் பெறும். ஊரின் ஒரு பகுதி இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான கல் ஓட்டின் மேல்தான் நிற்கிறது. காகித ரோஜாவை ஊற்றுநீர் சொட்டும் இடத்தில் சில நாள் வைத்து எடுத்தால் இதழ் இதழாகக் கல்லாகிவிடும். அந்தக் கல் ரோஜாவைக் கடைகளில் நினைவுப் பொருளாக விற்கிறார்கள். பயணிகளுக்கு வேடிக்கையாக இருக்கும் இதே படிவு ஊற்றுகளைப் பராமரிப்பவர்களுக்குத் தீராத தலைவலி. குழாய்களும் துளைக் கிணறுகளும் அடைத்துக்கொண்டே இருக்கும். அவ்வப்போது துளைத்துச் சுத்தம் செய்யாவிட்டால், அடைபட்ட நீர் எதிர்பாராத இடத்தில் தரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

ஊர் தோன்றிய கதையாகச் சொல்லப்படுவது ஒரு வேட்டைக் கதை. ரோமப் புனிதப் பேரரசரும், இந்த ஊர் அடங்கிய பொஹீமியாவின் மன்னருமான நான்காம் சார்லஸ் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் மான் வேட்டைக்கு வந்தபோது, துரத்திச் சென்ற நாய் ஒன்று கொதிநீரில் விழுந்து ஊளையிட்டதாம். மருத்துவர் சொல்ல, மன்னர் தம் காலை அந்த நீரில் நனைத்து வலி தீர்ந்தாராம். கதை எப்படியோ, அவர் 1370இல் இந்த ஊருக்கு நகர உரிமைகள் வழங்கியது வரலாறு. ஊருக்குப் பெயரும் அவரால் வந்தது.

முதல் ஒன்றரை நூற்றாண்டு இந்த நீர் குளிப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. குளியல் என்றால் ஐந்து நிமிடக் குளியல் இல்லை. நோயாளி நாள் முழுக்கத் தொட்டியில் கிடப்பார்; தோல் ஊறி வெடித்துப் புண்ணாகும். அந்தப் புண் வழியாக நோய் வெளியேறுகிறது என்று நம்பினார்கள். 1522இல் வாக்லாவ் பாயர் என்ற மருத்துவர் இந்த ஊற்றுகளைப் பற்றி முதல் மருத்துவ நூலை வெளியிட்டு, குளிப்பதோடு இந்த நீரைக் குடிக்கவும் வேண்டும் என்று எழுதினார். கார்ல்ஸ்பாட்டின் தொழிலை மாற்றிய புத்தகம் அது.

ஆனால் அளவு என்று ஒன்று இருப்பதை ஏற்றுக்கொள்ள இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆனது. கொஞ்சம் குடித்தால் நல்லது என்றால் நிறையக் குடித்தால் இன்னும் நல்லது என்ற கணக்கில், ஒரே நாளில் ஐம்பது கோப்பைக்கு மேல் குடித்தவர்கள் இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அறைக்குள் அடைந்து உட்கார்ந்து குடிப்பார்கள். நாள் முழுக்கப் பேதியாகும். உடம்பைச் சுத்தம் செய்துவிட்டதாக நினைத்துத் தளர்ந்து விழுவார்கள். இந்த முரட்டு வைத்தியத்தைத் தாங்கிப் பிழைத்தவர்கள்தான் ஊற்றின் புகழைப் பரப்பினார்கள். தாங்காதவர்கள் ஊருக்குத் திரும்பிப் பேசவில்லை.

இதை ஒழுங்குபடுத்தியவர் டேவிட் பெஹெர். 1725இல் இதே ஊரில் பிறந்த மருத்துவர். நீரை வேதியியல் முறையில் ஆராய்ந்தார், அதைக் காய்ச்சி உப்பெடுக்கும் முறையை வகுத்தார். அறையில் அடைந்து கிடந்து குடிப்பதை விட்டு, ஊற்றடிக்கே வந்து, நீர் சூடாகவும் வாயுவோடும் இருக்கும்போது அளவாகக் குடிக்க வேண்டும். குடித்துக்கொண்டே நடக்க வேண்டும். குடிப்பதும் குளிப்பதும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. கார்லோவி வாரியில் இன்றும் நடைமுறையில் இருப்பது ஏறக்குறைய இதுதான். நீரை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் ஆறும், வாயு போகும், சுண்ணாம்பு அடியில் படியும். ஆகவே ஊற்றடியில் குடி என்ற விதிக்கு வேதியியல் நியாயம் உண்டு. வர முடியாதவர்களுக்கு உப்புப் பொட்டலம் போயிற்று. கார்ல்ஸ்பாட் உப்பு 19ஆம் நூற்றாண்டில் உலகமெங்கும் மருந்துக்கடைகளில் விற்ற பேதி மருந்து.

ஒரு நோயாளியின் நாள் எப்படிக் கழியும் என்று பார்த்தால் இந்த வைத்தியத்தின் உள்ளடக்கம் புரியும். காலை ஆறு மணிக்கெல்லாம் எழுந்து வெறும் வயிற்றோடு ஊற்றுக்குப் போக வேண்டும். எந்த ஊற்று, எத்தனை மில்லி, எத்தனை முறை என்பதை மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார். பொதுவாக ஒரு வேளைக்கு 200 மில்லி அளவு, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு, நாளில் இரண்டு மூன்று வேளை. ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது. சிறு சிறு மிடறாக, மெதுவாக நடந்தபடி குடிக்க வேண்டும். இதற்கென்றே ஒரு பீங்கான் குவளை உண்டு. தட்டையாக, கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். அதன் கைப்பிடி உள்ளே துளையுள்ள குழல். கைப்பிடியின் நுனியில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். சுடுநீர் சட்டென்று வாயில் கொட்டாது, தாதுக்கள் பல்லில் அதிகம் படியாது என்று காரணம் சொல்வார்கள். உப்புச் சுவை போக ஒப்லாட்கி என்ற தட்டு அகல மெல்லிய வேஃபரைக் கடித்துக்கொள்வார்கள். பிறகு நடை, குளியல், மசாஜ், எளிய உணவு, மதிய ஓய்வு, மறுபடி நடை. இரவு சீக்கிரமே படுக்கை. கொழுப்பும் மதுவும் புகையும் விலக்கு. இப்படி மூன்று வாரம்.

இந்த நடைக்காகவே ஊர் கட்டப்பட்டது. மழையிலும் நனையாமல் உலாவத் தூண்மண்டபங்கள் எழுந்தன. அவற்றில் பெரியது மில் மண்டபம். பிராக்கின் தேசிய நாடக அரங்கைக் கட்டிய யோசெஃப் ஜீட்டெக் வடிவமைத்து 1871 முதல் 1881 வரை கட்டப்பட்டது: 124 தூண்கள், 132 மீட்டர் நீளம், கூரை விளிம்பில் பன்னிரண்டு மாதங்களைக் குறிக்கும் பன்னிரண்டு சிலைகள், உள்ளே ஐந்து ஊற்றுகள். பருவகாலத்தில் இசைக்குழு வாசிக்கும். கட்டி முடித்த புதிதில் ஊரார் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள் என்பது வேடிக்கை. இன்று ஊரின் அடையாளமே இதுதான். அடுத்து, 1883இல் ஃபெல்னர், ஹெல்மர் என்ற வியன்னாக் கட்டடக் கலைஞர்கள் வெள்ளை மரவேலைப்பாட்டில் சந்தை மண்டபத்தைக் கட்டினார்கள். விரிட்லோ பீறிடும் இன்றைய கண்ணாடி-கான்கிரீட் கட்டடம் 1975இல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் எழுந்தது. அங்கே ஒரே ஊற்றின் நீர் மூன்று வெவ்வேறு வெப்பநிலைகளில் குழாய்களில் வருகிறது.

வந்தவர்களின் பட்டியல் நீளம். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் 1711இலும் 1712இலும் வந்தார். ஜெர்மன் கவிஞர் கதே 1785இல் தொடங்கிப் பத்து முறைக்கு மேல் வந்தார். அவருக்கு இங்கே நீரைவிடப் பாறைகளும் கூட்டமும் அதிகம் பிடித்திருந்தன. பீத்தோவன், ஷோபான் வந்தார்கள். ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் 1819இல் ஜெர்மன் அரசுகளின் பிரதிநிதிகளை இங்கே கூட்டித்தான் பத்திரிகைத் தணிக்கைக்கும் பல்கலைக்கழகக் கண்காணிப்புக்குமான கார்ல்ஸ்பாட் ஆணைகளை நிறைவேற்றினார். கல்லீரல் தொல்லையோடு 1874இல் கார்ல் மார்க்ஸ் வந்தார். ஊருக்கு வருபவர்கள் பெயரைப் பதிந்து வரி கட்ட வேண்டும். பேர்போன புரட்சிக்காரர் என்ற சந்தேகம் வராமலிருக்க, சொந்த வருமானத்தில் வாழும் லண்டன்வாசி ‘சார்லஸ் மார்க்ஸ்’ என்று பதிந்து, அந்தத் தகுதிக்கு உரிய இரட்டிப்பு வரியைக் கட்டினார். போலீஸ் அவரைக் கவனிக்கத் தவறவில்லை. ஆனால் அவர் மருத்துவர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்த ஒழுங்கான நோயாளியாக இருந்ததால் எழுதி வைக்கச் சுவாரசியமாக ஒன்றும் கிடைக்கவில்லை. குணம் தெரிந்ததால் 1875இலும் 1876இலும் மறுபடி வந்தார். 1930களில் ஐரோப்பாவில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த சுபாஷ் சந்திர போஸும் கார்ல்ஸ்பாட்டுக்கு வந்து தங்கியதுண்டு. முதல் உலகப் போருக்கு முன்பு ஆண்டுக்கு 70,000 பேர் வரை வந்து போனார்கள்.

கார்ல்ஸ்பாட் தனியாக இல்லை. பிரான்சில் விஷி, பெல்ஜியத்தில் ஸ்பா, இங்கிலாந்தில் பாத், ஜெர்மனியில் பாட் கிஸ்ஸிங்கன், இத்தாலியில் மொந்தெகாட்டினி என ஐரோப்பாவெங்கும் குடிக்கும் ஊற்றுகள் இருந்தன. ஸ்பாவில் இரும்புச் சத்து மிகுந்த குளிர்ந்த நீர், விஷியில் பைகார்பனேட் மிகுந்த நீர் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நீர், ஒரு நோய். தமிழர் வாழும் பகுதிகளில் வெந்நீர் ஊற்றுக்கு இந்தப் பயன்பாடு ஏற்படவில்லை. திருகோணமலை அருகே கன்னியாவின் ஏழு கிணறுகள் நீராடவும் முன்னோர் சடங்குகளுக்கும் உரியவை. அங்கே யாரும் குவளையோடு வரிசையில் நிற்பதில்லை.

இந்த ஊற்றுகளைப் போலி செய்யும் முயற்சியிலிருந்துதான் சோடா பிறந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியின் பிர்மான்ட் ஊற்றுநீர் 18ஆம் நூற்றாண்டில் விலை உயர்ந்த மருந்து. ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி சாதாரண நீரில் கரியமில வாயுவை ஏற்றி அதேபோல் செய்யும் முறையை 1772இல் வெளியிட்டார். ஜெனீவாவில் யாகோப் ஷ்வெப் 1783இல் அதைத் தொழிலாக்கினார். ஷ்வெப்ஸ் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. டிரெஸ்டன் நகர மருந்தாளர் ஃபிரீட்ரிக் ஸ்ட்ரூவே இன்னும் ஒரு படி மேலே போய், கார்ல்ஸ்பாட் நீரில் உள்ள உப்புகளை ஒவ்வொன்றாக அளந்து சேர்த்துச் செயற்கை ஊற்றுநீரே தயாரித்தார். 1825இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் அவருடைய ‘ஜெர்மன் ஸ்பா’ திறந்தது. வாயு ஏற்றிய நீரை அடைத்துவைக்க ஹைரம் காட் 1870களில் கோலிக்குண்டு வைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையில் வயிறு மந்தமானால் வாங்கிக் குடிக்கும் கோலி சோடாவின் பூர்வீகம் ஐரோப்பிய மருத்துவ ஊற்றுகள்தான்.

ஊற்றுக்கு ஆபத்தும் நிலத்தடியிலிருந்தே வந்தது. பொஹீமியாவின் இன்னொரு ஊற்று நகரமான தெப்லிட்சேயின் அருகே 1879 பிப்ரவரியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்று வெடிப்பை உடைத்துவிட, சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து ஊரின் ஊற்று வற்றிப்போனது. பிறகு ஆழமாகத் தோண்டித்தான் நீரை எட்டினார்கள். கார்லோவி வாரியின் மேற்கிலும் அதேபோன்ற நிலக்கரிப் படுகை உண்டு. ஊற்றுகளைச் சுற்றிச் சுரங்கம் வெட்டவோ துளையிடவோ தடை விதிக்கும் பாதுகாப்பு வளையங்கள் இத்தகைய ஆபத்துக்காகத்தான்.

இவ்வளவுக்கும் பிறகு கேள்வி இதுதான்: நீர் குணப்படுத்துகிறதா? சில வேலைகளைச் செய்கிறது. பைகார்பனேட் வயிற்று அமிலத்தைத் தணிக்கும். நெஞ்சு கரிப்புக்கும் புளித்த ஏப்பத்துக்கும் அது உதவும். சல்ஃபேட் குடலில் நீரை இழுத்துப் பிடித்து மலத்தை இளக்கும். சல்ஃபேட், மக்னீசியம் மிகுந்த ஊற்றுநீர் மலச்சிக்கலைக் குறைப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. வெதுவெதுப்பான நீர் இரைப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும். நீரிழிவு, கீல்வாதம், கல்லீரல் நோய் என்று பழைய விளம்பரங்கள் அடுக்கியவற்றுக்கு அப்படி உறுதியான சான்று இல்லை. ஆனால் மேசை நிறைய இறைச்சியும் மதுவும் சாப்பிட்டுப் பழகிய 19ஆம் நூற்றாண்டுப் பணக்காரர் ஒருவரை மூன்று வாரம் விடியலில் எழுப்பி, மலைப்பாதையில் நடக்கவைத்து, எளிய உணவு கொடுத்து, குடியை நிறுத்தி, நேரத்தோடு தூங்கவைத்தால் அவர் தேறித்தான் ஆவார். நீர் மருந்தென்றால் இது பத்தியம். இங்கே பத்தியத்தின் பங்கு மருந்தைவிடப் பெரிது. தாம் நல்ல மருந்து குடிப்பதாக நம்பியதால்தான் அவர் பத்தியத்துக்கு உட்பட்டார் என்பதையும் மறுக்க முடியாது.

அறிவியல் மோகம் இந்தத் தொழிலையும் விட்டுவைக்கவில்லை. கார்லோவி வாரிக்கு வடக்கே மலையில் இருக்கும் யாஹிமோவ் சுரங்கத்தின் தாதுவிலிருந்துதான் மேரி க்யூரி ரேடியத்தைப் பிரித்தார். அதன் பிறகு சில பத்தாண்டுகள் ஐரோப்பாவின் பல ஊற்றுகள் தங்கள் நீரில் கதிரியக்கம் இருப்பதைப் பெருமையாக அச்சிட்டு விற்றன. பிற்காலத்தில் அந்த வரி விளம்பரங்களிலிருந்து சத்தமில்லாமல் மறைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மருந்து மாத்திரைகள் பெருகியதும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊற்றுநீர் குடிக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒழிந்தது. பிரான்சிலும் நடு ஐரோப்பாவிலும் ஒழியவில்லை. பிரான்சில் 18 நாள் ஊற்றுச் சிகிச்சைக்கு அரசு காப்பீடு பணம் தருகிறது. செக் நாட்டிலும் மருத்துவர் பரிந்துரைத்தால் காப்பீடு செலவைப் பகிர்ந்துகொள்ளும். கார்லோவி வாரி அரசியல் சுழல்களையும் தாண்டியது. 1938இல் ஹிட்லரின் ஜெர்மனி அதை இணைத்துக்கொண்டது. போர் முடிந்ததும் அங்கே பெரும்பான்மையாக இருந்த ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு விடுதிகள் அரசுடைமையாகி, தொழிற்சங்கச் சீட்டோடு வந்த தொழிலாளர்கள் பிரபுக்களின் அறைகளில் தங்கினார்கள். அண்மைக் காலத்தில் ஊரை நிரப்பிய ரஷ்யப் பயணிகளின் வரவு 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் பெரும்பாலும் நின்றுபோனது. 2021இல் ஏழு நாடுகளின் பதினொரு ஊற்று நகரங்களை ‘ஐரோப்பாவின் மாபெரும் ஸ்பா நகரங்கள்’ என்று ஒரே தொகுப்பாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கார்லோவி வாரியும் அதில் இடம்பெற்றது.

மண்டபக் குழாய்களில் நீர் இலவசம். குவளை மட்டும் வாங்க வேண்டும். பயணமாகப் போகிறவர் ருசி பார்க்க ஓரிரு மிடறு குடிப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு லிட்டரில் 1.7 கிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும் நீர் அது. இரத்த அழுத்தமோ இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குவளை குவளையாகக் குடிக்கக் கூடாது. ஊர்க்காரர்களும் தாகத்துக்கு அந்த நீரைத் தொடுவதில்லை. வீட்டுக் குழாய் நீரைத்தான் குடிக்கிறார்கள்.